கம்பளிக்குள் பாலன்

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாருங்கம்மா."

"சொல்றேன் வேலாயி."

"எம்புள்ளைய அடிக்காதீங்கன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம். கொஞ்சம் வாய்த்துடுக்கு. கெட்ட புள்ள இல்ல."

"அதான் சொல்றேங்கிறேனே. நீ கெளம்பு. நேரத்துக்குப் போகலேன்னா பெரட்டுக் களத்துல வேலைப் பேரு வெட்டிடுவாங்க."

குசினி வாசலில் கூடையை மாட்டிக்கொண்டு நின்ற வேலாயியும், மாவுக் கையோடு தான் நின்றதும், மாற்றலாகி வந்த மலைநாட்டு றொசல்ல நிலையத்தில் ரயில் நின்றபோது லூர்தம்மாளின் கண்முன் அப்படியே வந்தன. அந்தப் பேச்சு நடந்து ஒரு வருஷமாகிறது. சொல்கிறேன் என்று சொன்னதை அவள் இன்னும் சொல்லவில்லை.

"மெல்ல எறங்கு புள்ள," என்று முழங்கையைத் தாங்கினார் அவள் கணவர் சவரிமுத்து. தோட்டத்துக் கோயில்களில் மந்திரமும் ஞானோபதேசமும் சொல்லிக் கொடுக்கும் உபதேசியார். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவள் வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. அது தெரிந்த நாளிலிருந்து அவளைத் தண்ணீர்க் குடம் தூக்க விட்டதில்லை. இரவில் வெந்நீர் வைத்து அவள் பாதத்தை அவரே கழுவிவிடுவார். நல்ல மனிதர்தான். கையில் குச்சி இல்லாதவரைக்கும்.

அவருடைய இன்னொரு கையில் மரப்பெட்டி இருந்தது. அதற்குள் சேசுபாலன் சுரூபம், குழந்தை ஏசுவின் சிலை. அவருடைய அப்பா காலத்துச் சொத்து. எந்தத் தோட்டத்துக்கு மாறினாலும் கிறிஸ்துமஸ் குடிலில் அந்தப் பாலனைத்தான் கிடத்துவார்.

அந்தப் பாலனை முன்னிட்டுத்தான் வேலாயியின் மகன் அழகன் செத்துப்போனான்.

அவர்கள் முன்பிருந்த அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்தில், போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள், குடிலில் பாலனைக் காணவில்லை. உபதேசியார் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாகத் தேடினார். கடைசியில் அது புள்ளைக்காம்பராவில் இருந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறை அது. வரிசையாகத் தொங்கிய தொட்டில்களில் ஒன்றில், கறுப்புக் கம்பளி சுற்றி, பாலனைப் படுக்கவைத்து ஆட்டிக்கொண்டிருந்தான் அழகன்.

"வெறும் ஒடம்போட பனியில கெடந்துச்சுங்க ஐயா," என்றான் சாவதானமாக. "அம்மாக்காரவுங்க கொழுந்துக்குப் போயிட்டாங்க போலன்னு தூக்கியாந்தேன்."

தொட்டிலை ஆட்டும் ஆயா வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

கோயிலுக்கு இழுத்து வந்து, குடிலுக்கு முன்னாலேயே வைத்து உபதேசியார் அடித்தார். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை அங்கே மிலாறு என்பார்கள். காய்ந்தால் இரும்பு. அது இறங்கிய இடமெல்லாம் தோல் பிரிந்து எழுந்தது. அழகன் அழவில்லை. பாலன் அழமாட்டார், நல்ல பிள்ளை அழாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தானே. உதட்டைக் கடித்துக் கடித்து, உதடு கிழிந்து, ரத்தம் மோவாய் வழியே சொட்டியது. பீடத்தை ஒட்டிய சாமான் அறையின் வாசலில் லூர்தம்மாள் நின்றிருந்தாள். வேலாயி சொல்லச் சொன்ன வார்த்தை வாய்வரை வந்தது. பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்று ஊர் முன்னால் கேட்டுவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வாரம் முடிவதற்குள் பையன் போய்விட்டான். தோட்டத்து மருந்துக்காரர் குளிர்க்காய்ச்சல் என்றார். புதைத்துவிட்டு வந்த வேலாயி குசினி வாசலுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சொன்னீங்களாம்மா?"

லூர்தம்மாள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

றொசல்லவில் கோயில் சின்னது. தகரக் கூரை, கல் சுவர், சுற்றிலும் தேயிலை. உள்ளே கண்ணாடி போட்ட பெரிய படம் ஒன்று இருந்தது: சிறு பிள்ளைகள் நடுவில் சேசு. வெள்ளை வெளேரென்ற பிள்ளைகள், சுருட்டை முடி, கூப்பிய கை, மூடிய வாய். உபதேசியாருக்கு அந்தப் படத்தைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

மார்கழிப் பனி இறங்கியது. மிலாறு நட்டு, மானாப்புல் வேய்ந்து குடில் கட்டினார். பெட்டியைத் திறந்து தரும்படி லூர்தம்மாளைக் கூப்பிட்டார். வைக்கோலை விலக்கியவள் கையை இழுத்துக்கொண்டாள்.

பாலன் கறுப்புக் கம்பளிக்குள் இருந்தது.

நீங்களா சுற்றினீங்க என்று அவள் கேட்க, நீயில்லையா என்று அவர் கேட்டார். கம்பளி ஈரமாக இருந்தது. மழையில் நனைந்து, அடுப்படியில் காய்ந்து, மறுபடி நனைந்த கம்பளியின் நாற்றம். அவர் அதைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் எறிந்துவிட்டு வந்தார்.

சுரூபத்தைத் திருப்பியபோது முதுகில் சிவப்புக் கோடுகள். ஈரத்தில் வர்ணம் வெடித்திருக்கிறது என்று சுண்ணாம்பு குழைத்துப் பூசினார். மறுநாள் கோடுகள் சுண்ணாம்பைத் தள்ளிக்கொண்டு வீங்கியிருந்தன. தொட்டுப் பார்த்தாள் லூர்தம்மாள்.

சூடாக இருந்தது.

ஊருக்குப் போக வேண்டுமென்று சொன்னாள். இப்போதும் சொல்ல வேண்டியதை விட்டு வேறெதையோதான் சொன்னாள். மசக்கைப் பயம் என்று அவர் அவள் நெற்றியைத் தடவிவிட்டார். அந்தக் கை இளஞ்சூடாக, அன்பாக இருந்தது. இதே கைதான் நாளைக்குத் தன் பிள்ளைமீதும் ஓங்கும் என்று நினைத்து அதை விலக்கினாள். பிள்ளை பிறப்பதற்குள் சொல்லியாக வேண்டும். எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து, மாசில்லாக் குழந்தைகள் திருநாள் வந்தது. ஏரோது ராஜா வெட்டிக் கொன்ற பாலகர்களை நினைக்கும் நாள். பின்னேரம் லயத்துப் பிள்ளைகளைக் கோயிலில் உட்காரவைத்து உபதேசியார் பிரசங்கம் பண்ணினார். அருமையாகப் பேசுவார். தாயின் மார்பிலிருந்து பிடுங்கிய குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது. அந்தக் குழந்தைகள் ஆட்டுக்குட்டி போல வாய் திறக்காமல் மோட்சம் போயின என்றார். படத்தைக் காட்டி, இதில் எந்தப் பிள்ளையாவது வாயைத் திறந்திருக்கிறதா பாருங்கள் என்றார்.

"மூக்கும் ஒழுகலையே ஐயா," என்றாள் முன்வரிசை மீனம்மா. "அவுங்க ஊருல குளுரே இல்லையா?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். உபதேசியார் மேசைமேல் ஒரு தட்டுத் தட்டினார். சிரிப்பு அடங்கியது. மீனம்மா அடங்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டாள்.

"ஏரோது வெட்டயில அம்மாமாரெல்லாம் ஒண்ணும் சொல்லாமயா நின்னாங்க?"

அவர் முகம் மாறியது. குடிலிலிருந்து ஒரு மிலாறை உருவினார்.

சாமான் அறை வாசலில் நின்றாள் லூர்தம்மாள். அன்று அங்கே நின்ற அதே நிலை. மலைச்சரிவில் ஏறிவந்த பனிமூட்டம் கதவு வழியாக உள்ளே நுழைந்தது. கூடவே அந்த ஈரக் கம்பளி வாடை.

மிலாறு காற்றைக் கிழித்தது.

மீனம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள்மேல் அடி விழவில்லை. உபதேசியாரின் சட்டைதான் முதுகில் நீளமாகப் பிளந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

இரண்டாவது அடி கழுத்தில் விழுந்தது. மூன்றாவதில் காது பிய்ந்து தொங்கியது. கையிலிருந்த குச்சி எப்போதோ தரையில் விழுந்துவிட்டிருந்தது. ஆனாலும் விஷ்க் விஷ்க்கென்று சத்தம் நிற்கவில்லை. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே மூக்கால் மூச்சு வாங்கும் இடைவெளி. அது அவருடைய வழக்கம். அவர் அடிக்கும்போது எப்படி அடிப்பாரோ, அச்சாக அப்படியே. தடுக்க உயர்த்திய கைகளில் எலும்பு முறிவது விறகு ஒடிவதுபோல் கேட்டது. குடில்மேல் சாய்ந்தார். மண் ஆடுகள் அவருக்கடியில் நொறுங்கின. ரத்தம் படத்தின் கண்ணாடிவரை தெறித்து வழிந்தது.

அலற வாயைத் திறக்கப் பார்த்தார். திறக்க முடியவில்லை.

அவருடைய கன்னத்தில் ஐந்து குழிகள் விழுந்திருந்தன. சின்ன விரல்கள் அழுத்திப் பிடித்தால் விழுகிற குழிகள்.

பிள்ளைகள் ஓடுவார்கள் என்று லூர்தம்மாள் நினைத்தாள். ஒருவரும் ஓடவில்லை. எழுந்து, கை கூப்பி, வாய் மூடி, வரிசையாக நின்றார்கள். அவர் சொல்லிக் கொடுத்தபடி. மீனம்மாவும்.

அப்போதுதான் அவள் படத்தைப் பார்த்தாள்.

படத்திலிருந்த பிள்ளைகள் அத்தனை பேருடைய வாயும் திறந்திருந்தது.

குடிலுக்குள் வைக்கோல் மட்டும் கிடந்தது. பாலன் இல்லை.

அவள் ஓடிப்போய்க் கணவரைக் கட்டிக்கொள்ள நினைத்தாள். வாசலைத் தாண்டவில்லை. ஒரு மனிதன் கண்ணெதிரே சதையாகக் கிழிகிறான். நேற்று இரவு அவள் பாதத்தைக் கழுவிய மனிதன். அவர் கண்கள் அவளைத் தேடின. ஒரு வருஷத்துக்கு முன் இன்னொரு ஜோடிக் கண்கள் இதேபோன்ற வாசலை இப்படித்தான் தேடின.

அவள் பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள்.

கம்பளி அவள் முழங்காலில் உரசியது. சில்லென்ற சிறு கை ஒன்று அவள் உள்ளங்கைக்குள் நுழைந்தது. இழுக்கவில்லை, நெருக்கவில்லை. கடைக்கு வந்த தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை காத்திருக்குமே, அப்படிக் காத்திருந்தது.

அடிப்பது எது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்திருப்பது யார் என்று தெரிந்தது.

அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் அந்த உதட்டைப் பார்க்க வேண்டியிருக்கும்.

விஷ்க்.

உபதேசியார் புரண்டு முழங்காலில் மடங்கினார். கை கூப்புவதுபோல் முறிந்த கைகளைச் சேர்த்துவைக்க முயன்றார். அடுத்த அடிக்காகக் காற்று உயர்ந்தது. மூச்சு வாங்கும் அந்த இடைவெளி வந்தது.

சிறு கை அவள் கையை விட்டது. மெல்ல மேலேறி, அவள் வயிற்றின்மேல் வந்து படிந்தது. உள்ளே பிள்ளை புரண்டு, அந்த விரல்கள் இருந்த இடத்தில் ஓர் உதை உதைத்தது.

லூர்தம்மாள் கணவரைப் பார்த்து வாயைத் திறந்தாள். வந்த குரலில் பாதி அவளுடையதாக இல்லை, வேலாயியுடையது.

"எம்புள்ளைய அடிக்காதீங்க."