தொட்டால் திறக்கும் அழைப்பிதழ்

"உங்கடை போனை ஒருக்கா இந்த அட்டையிலை வையுங்கோ, அண்ணை."

தனுசியா சொன்ன விதத்தில் அந்த 'அண்ணை'க்குப் பல் முளைத்திருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவன் நிமிர்ந்தான். மழையில் நனைந்த தலை, மூச்சிரைப்பு, கோபத்தில் சிவந்த முகம்... இப்படி ஒருத்தி காலை ஒன்பது மணிக்கே அச்சகத்துக்குள் புயலாய் நுழைந்தால் யார்தான் மிரளமாட்டார்கள்? அவன் போனை அட்டையில் வைத்தான்.

அது அவளுடைய அக்கா உதயகலாவின் கலியாண அட்டை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு என்.எஃப்.சி. சிப். போனை ஒரு விரலளவு கிட்டக் கொண்டுபோனால் போதும், மண்டபத்துக்கு வழி, முகூர்த்த நேரம், பெண் மாப்பிள்ளை படம் எல்லாம் திரையில் விரிய வேண்டும். விரிந்ததோ காலஞ்சென்ற மரியரட்ணம் மாஸ்டரின் முப்பத்தோராம் நாள் நினைவுப் பக்கம். மூக்குக்கண்ணாடியோடு மாஸ்டர் அழகாகச் சிரித்தார்.

கலியாண அட்டையையும் செத்தவருக்கு அடிக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தையும் ஒரே மேசையில் வைத்து வேலை செய்தால் வேறென்ன நடக்கும்?

அவன் பெயர் கோகுலன். உணவகங்களுக்கும் கடைகளுக்கும் இப்படிச் சிப் பதித்த அட்டைகள் செய்து கொடுப்பவன். பழியை யார் தலையிலும் போடவில்லை. "பிழை என்ரைதான். ஒரு கட்டு மாறிப்போச்சு," என்றான். அந்தக் கட்டில் இருபத்தைந்து அட்டைகள். அவள் கொண்டுவந்திருந்த இருபதையும் வாங்கி ஒவ்வொன்றிலும் போனை வைத்துத் திருத்திக் கொடுத்தான். நீண்ட விரல்கள், அவசரத்திலும் பதறாத விரல்கள்... சீ, இதுவா பார்க்கிற நேரம் என்று தன்னையே ஏசிக்கொண்டாள் தனுசியா.

மிச்சம் ஐந்து அட்டைகள் ஏற்கெனவே ஐந்து வீடுகளுக்குப் போய்விட்டன. பக்கத்தையே மாற்றிவிட முடியாதா என்று கேட்டாள்.

"மாத்தலாம். பிறகு மாஸ்டரின்ரை கல்வெட்டைத் தொடுற ஆக்களுக்கு உங்கடை அக்காவின்ரை கலியாணம் வரும்."

சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினாள். சிரிக்கிற நிலையா இது? கொடுத்த கலியாண அட்டையைத் திருப்பிக் கேட்பது போன்ற அபசகுனம் வேறில்லை. ஐந்தாவது அட்டை இருப்பதோ வட்டுக்கோட்டையில், மாப்பிள்ளையின் தாய் குணலட்சுமி மாமியிடம். வாசல் படலை தாண்டவே சகுனம் பார்க்கிறவர் என்று பெயரெடுத்தவர். பின்னேரம் நாலு மணிக்கு அவருடைய மூத்த மகன் கனடாவிலிருந்து வந்து இறங்குகிறார். வந்ததும் முதல் வேலையாகப் புதுப்போனை அட்டையில் வைப்பார். பிறகு கலியாணம் நடந்த மாதிரித்தான்...

இதில் இன்னொன்றும் இருந்தது. வெறும் தாள் அட்டையே போதும் என்றிருந்த அப்பா இராசநாயகத்தை மூன்று நாள் கெஞ்சி மடக்கியவள் இவள்தான். கலியாணம் குழம்பினால் அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பாள்?

ஒளித்துப் போய்த் திருத்துவது என்று முடிவாயிற்று. முன்னால் அவளுடைய ஸ்கூட்டி, பின்னால் அவனுடைய மோட்டார் சைக்கிள். அரியாலையில் மூன்று வீடுகள். அட்டை வேலை செய்கிறதா என்று பார்க்க வந்த ஆள் என்று அவனை அறிமுகப்படுத்தினாள். ஒரு வீட்டில் அட்டை பிரிட்ஜுக்கு மேலே இருந்தது. இன்னொரு வீட்டில் அதை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்த பெரியப்பாவிடமிருந்து நைசாக வாங்க வேண்டியிருந்தது. எல்லா வீட்டிலும் தேத்தண்ணி. ஒவ்வொரு முறையும் சிப் திருந்தியதும் போன் மெல்ல அதிரும். அதிர்ந்ததும் அவன் கண்கள் அவளைத்தான் தேடின. அவளுடைய கண்களும் அங்கேதான் காத்திருந்தன... நாலாவது வீடு கொழும்புத்துறையில். அது முடிந்து வெளியே வரும்போதுதான், 'அண்ணை' எப்போதோ நின்றுபோனதை அவள் கவனித்தாள்.

கடலோரத்தில் வண்டியை நிறுத்தினான் கோகுலன்.

"மாமியிட்டை மட்டும் உண்மையைச் சொல்லுவம். அந்த வீட்டுக்குத்தானே அக்கா போகப்போறா? ஒளிச்சுத் துவங்கக் கூடாது. பிழை என்ரை எண்டு நானே சொல்லுறன்."

"உங்களுக்கு ஒரு ஓடர்தான் போகும். எனக்கு அக்காவின்ரை வாழ்க்கை," என்று வெட்டினாள் தனுசியா.

அவன் முகம் சுருங்கிவிட்டது. வட்டுக்கோட்டை போய்ச் சேரும்வரை மழை கொட்டியது. கண்ணாடியில் அவன் பின்னால் வருகிறானா என்று அவள் எத்தனை தரம் பார்த்தாள் என்பது அவளுக்கே தெரியாது. ஏன் அப்படிச் சொன்னேன்... ஏன் அப்படிச் சொன்னேன்...

அட்டையைச் சாமியறையில் வைத்திருப்பதாக மாமி நேற்றுப் போனில் சொல்லியிருந்தார். அங்கே அந்நிய ஆண் எப்படிப் போவது? படலையடியில் நின்று போனை அவள் கையில் கொடுத்தான். "வைச்சிட்டு ரெண்டு செக்கன் பொறுங்கோ. அதிரும்," என்றான். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை இன்னும் வதைத்தது.

கும்பிடப் போகிறேன் என்று மாமியிடம் சொல்லி உள்ளே போனாள். குங்குமத் தட்டுக்குப் பக்கத்தில் அட்டை. போனை வைத்தாள். ஒன்று... இரண்டு... அதிர்ந்தது.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

வாசலில் குணலட்சுமி மாமி.

படம் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கடலோரத்தில் சுருங்கிய அந்த முகம் கண்ணுக்குள் நின்றது. தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சிப் அட்டை தன்னுடைய யோசனை, ஒளிக்க நினைத்ததும் தான்தான், அக்காவுக்கும் அப்பாவுக்கும் ஒன்றும் தெரியாது என்றாள்.

மாமி அட்டையை எடுத்துத் தடவினார்.

"எனக்கு நேற்றே தெரியும். மாஸ்டரைப் பற்றி முழுக்க வாசிச்சனான். நல்ல மனிசன் போலை."

தனுசியா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"வேறை ஆரும் தொட்டுப்போட்டு, வரப்போற மருமகளை ஒரு சொல்லுச் சொல்லிப்போடுவினம் எண்டுதான் சாமியறைக்குள்ளை கொண்டுவந்து வைச்சனான்."

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாமி அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். வந்து சொன்னாயே, அது போதும் என்றார். பிறகு யன்னலால் எட்டிப் பார்த்து, அந்தப் பொடியன் ஏன் மழைக்குள் நிற்கிறான் என்று கேட்டார்.

தனுசியா ஓடினாள்.

படலையடியில் தெப்பமாய் நனைந்து நின்றான் கோகுலன். அவள் கண்கள் கலங்கியிருந்ததைக் கண்டு பதறிப்போனான். நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னாள். தான் கடலோரத்தில் சொன்னது பிழை என்பதையும் சொன்னாள். அவன் முகம் மலர்ந்தது.

"அப்ப வேலை முடிஞ்சுது," என்றான் மெதுவாக.

"ஓம்."

காலையிலிருந்து இந்த ஐந்தாவது அட்டை எப்போது முடியும் என்று தவித்தவள், முடிந்துவிட்டதே என்று இப்போது தவித்தாள். போனைத் திருப்பிக் கொடுக்க நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"இனி உங்களைப் பாக்க வாறதுக்கு என்னட்டை ஒரு சாட்டும் இல்லை, தனுசியா. அதாலை நேராவே சொல்லுறன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

மழைச் சத்தத்தையும் மீறி அது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள். இந்த முறை பார்வையைத் திருப்பவில்லை.

"கலியாணத்துக்கு வாங்கோ. அப்பா ஆரெண்டு கேட்டால் நான் சொல்லுறன்."

"என்னெண்டு சொல்லுவியள்?"

"எனக்குப் பிடிச்ச ஆள் எண்டு."