மஞ்சள் மூலை

மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்குக் கட்டிய தோரணம் காஜா பெராங் சாலையில் இன்னும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த மதியம் கோகிலா துப்பறிவாளர் மாணிக்கவாசகத்தைத் தேடி வந்தபோது, அவருடைய உதவியாளன் பொன்னுதுரைக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வழக்கில்லாமல் ஈ ஓட்டியே அவனுக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது.

கோகிலா குடியுரிமை உதவி நிலையத்தில் வேலை பார்ப்பவள். அங்கே தமிழ், மலாயை ஆங்கில எழுத்தில் எழுதும் ரூமி, அரபு எழுத்தில் எழுதும் ஜாவி என்று மூன்று எழுத்திலும் சான்றுகள் வரும். அவற்றை மடித்து, தமிழுக்கு நீலம், ரூமிக்குச் சிவப்பு, ஜாவிக்கு மஞ்சள் என்று மூலையில் மை வைப்பாள். சக ஊழியர் அப்பு பிரித்துப் பார்க்காமல், நிறத்தை மட்டும் பார்த்துத் தனித்தனிக் கட்டாகக் கட்டுவார். காலையில் ராஜரத்தினம் என்பவர் தம் ஜாதகத்தை மடித்து அவள் மேசையில் வைத்தார். அவர் இந்த ஊரில் பிறந்ததற்கு வேறு சான்று கிடையாது. கோகிலா இன்னொருவருக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால், ஜாதகத்தைக் காணோம்.

"நான் அதுக்கு இன்னும் மையே வைக்கலண்ணே. மை இல்லாததை அப்பு அண்ணன் தொடமாட்டாரு. அதனால நான்தான் திருடிட்டேன்னு ராஜரத்தினம் எங்க செயலாளர்கிட்ட சொல்லிட்டாரு. சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலன்னா எனக்கு வேலை இல்ல."

அப்புதான் கள்ளன் என்று பொன்னுதுரை நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் அடித்துச் சொன்னான். மாணிக்கவாசகம் ம் கொட்டியதோடு சரி.

நிலையத்தில் தமிழ்க் கட்டையும் ரூமிக் கட்டையும் தலைகீழாகப் புரட்டியிருந்தார்கள். ராஜரத்தினம் கோபத்தில் குதித்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைப்பை ஓரத்தில் மஞ்சளாக ஒரு கறை. மாணிக்கவாசகம் அதைக் காட்டி, சாமி கும்பிட்டுவிட்டு வந்தீர்களா என்று கேட்டார்.

"பின்னே? நல்ல காரியமாச்சே. ஜாதகத்துக்கு நாலு மூலையிலயும் புதுசா மஞ்சள் தடவித்தான் கொண்டாந்தேன்."

ஜாவிக் கட்டு எங்கே என்றார் மாணிக்கவாசகம். பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஜாவி படிப்பவருக்கு மாலை பஸ்ஸில் அனுப்பக் கட்டி வைத்திருப்பதாக அப்பு சொன்னார். அந்த எழுத்தை வாசிக்க இங்கே யாருக்கும் தெரியாததால், அதைப் பிரித்துத் தேட யாருக்கும் தோன்றவில்லையாம்.

"கோகிலாவும் பொய் சொல்லல, அப்புவும் தப்புப் பண்ணல. மை வைக்கிறதுக்கு முன்னாடியே அது மஞ்சளோட வந்துச்சு. அப்பு மூலையைப் பார்த்தாரு, ஜாவின்னு கட்டிட்டாரு" என்றார் மாணிக்கவாசகம்.

கட்டைப் பிரித்தார்கள். ஜாவித் தாள்களுக்கு நடுவே ஜாதகம் இருந்தது. அப்புவைச் சந்தேகப்பட்ட வெட்கத்தில் பொன்னுதுரை, பிரித்த கட்டைத் திரும்பக் கட்ட அவருக்குக் கைகொடுத்தான்.

ராஜரத்தினத்தின் குரல் இறங்கிவிட்டது. மன்னிக்கச் சொல்லிக் கோகிலாவிடம் கை கூப்பினார். அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட வேணாம்யா. திருடின்னு செயலாளர் முன்னாடிதானே சொன்னீங்க? அங்க வந்து சொல்லுங்க."

அவள் முன்னே நடக்க, ராஜரத்தினம் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு செயலாளர் அறைக்குப் போனார்.