நாலாவது கூறு

பரிசலில் போனவர்கள் இரண்டு பேர். பாறையில் மீனைப் பங்கு வைத்தபோது நாலு கூறு இருந்தது.

சாலம்மாள் இதைக் கண்டது ஐப்பசி பிறந்த ஐந்தாம் நாள் காலையில். முருங்கைக்கீரை ஒடிக்க ஆற்றங்கரைக்குப் போனதாகச் சொன்னாள். அந்தக் கரையில் முருங்கை மரமே கிடையாது என்பது ஊருக்கே தெரியும். போகட்டும், கண்ணில் பட வேண்டியது பட்டுவிட்டது.

வலை வீசுகிறவனுக்கு ஒன்று, துடுப்புப் போடுகிறவனுக்கு ஒன்று, பரிசலுக்கு ஒன்று என்று மூன்று கூறுதான் வழக்கம். பரிசல் அவள் புருஷன் பச்சமுத்துவுடையது என்பதால் அதன் பங்கும் அவள் சட்டிக்கே வந்து சேரும். இன்னொரு வழக்கமும் உண்டு. கூறு எடுத்துத் தின்றவர் மறுநாள் விடியலில் பரிசல் ஏறியாக வேண்டும். மீனை வாங்கிப்போய்த் தின்றுவிட்டு இழுத்துப் போர்த்திப் படுக்கிற சோம்பேறிகளுக்காக எவனோ வைத்த சட்டம். கேட்டால் ஆறு வைத்த சட்டம் என்பார்கள்.

நாலாவதுதான் நல்ல கூறு. முழங்கை நீளத்தில் ஒரு கெளுத்தி, கூட நாலைந்து கெண்டை. அதைத் தண்ணீர் ஓரத்திலேயே விட்டுவிட்டு, துடுப்புக்காரன் ரங்கன் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேடேறினான். பெரிய ஆமைக்குக் கோணல்கால் முளைத்து நடப்பதுபோல இருக்கும் அவன் போவது. பின்னாலேயே பச்சமுத்து. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாருக்குங்க அந்தக் கூறு?" என்று சோறு போடும்போது கேட்டாள்.

"எந்தக் கூறு?"

கேள்வியையே பதிலாகத் திருப்பித் தரும் புருஷனைப் பற்றி ஒரு பெண்பிள்ளை என்ன நினைப்பாளோ அதையே சாலம்மாளும் நினைத்தாள். போதாததற்குப் பக்கத்து வீட்டுக் காளியாத்தாள் வேறு. "அக்கரையில ஒரு ஊடு இருக்குதோ என்னமோ, அம்முணி. பரிசல் வெச்சிருக்கற ஆம்பளைக்கு ஆத்தத் தாண்டறது பெரிய காரியமா?"

அன்றைக்கு அவன் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள். மல்லிகை இல்லை, மஞ்சள் இல்லை. பரிசலுக்குப் போர்த்திய மாட்டுத்தோல் ஊறிய வாடையும், அதற்கு அடியில் வெகுகாலம் தண்ணீருக்குள் கிடந்த ஏதோ ஒன்றின் வாடையும்தான். கெட்டிக்காரி, சோப்புப் போட்டுக் குளிக்கிறவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் இருட்டு பிரியும்போதே நாணல் புதருக்குள் போய்க் குந்திவிட்டாள். அணை கட்டிய இந்த ஏழெட்டு வருஷத்தில் ஐப்பசிப் பனி கூடிப்போனது என்று ஊரில் ஒரு பேச்சு. அன்றைக்கு ஆறே தெரியவில்லை. துடுப்பின் சளப்பு மட்டும் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. பிறகு வெள்ளைக்குள்ளிருந்து பரிசல் வட்டமிட்டபடி வெளியே வந்தது. இரண்டு ஆண்களும் முழங்கால் முட்ட ஒரே பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் ஆளில்லை. ஆளில்லாத அந்தப் பக்கம்தான் தண்ணீருக்குள் தாழ்ந்து இருந்தது.

இதைச் சாலம்மாள் பார்த்தாள், பார்க்காமலும் இருந்தாள். அவள் கண் கரையில் ஒரு சேலையைத் தேடிக்கொண்டிருந்தது.

கூறு வைத்தார்கள், போனார்கள். வெயில் ஏறியது. ஒருத்தியும் வரவில்லை. சரி, வருகிறவள் வெறும் பாறையைப் பார்த்து நிற்கட்டும் என்று நாலாவது கூறை அப்படியே மடியில் கட்டிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் ஒரு தடவை சளப்பென்றது. ஒரே தடவை.

அன்று பச்சமுத்து மேச்சேரிச் சந்தைக்குப் போய்விட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தான். வெறும் குழம்புச் சட்டியை அவன் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"அக்கரைக்காரிக்கு வெச்சதுங்க. ருசியாத்தான் இருந்துச்சு."

அவன் சட்டியைப் பார்த்தான். "பாறையில இருந்ததையா? தின்னுபோட்டியா?"

"ஒரு முள்ளு மிச்சமில்லீங்க."

"அட கிறுக்கி." அவன் குரல் இறங்கிப்போயிற்று. "பொரட்டாசி வெள்ளத்துல இருந்து பரிசல் கனக்குது, புள்ள. ஏறிக்கற ஆளு தெரியறதில்ல. கூறு வெச்சா கரையிலயே நின்னுக்கும். ஒரு நா வெக்காம வந்துபோட்டோம். ரங்கன் ஊட்டு நடையெல்லாம் ஈரம். அவன் பாய் வரைக்கும்."

புளுகு என்றாலும் இவ்வளவு நீளப் புளுகா! சாலம்மாள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. கதவைத் தாழிட்டு, அதில் முதுகைச் சாய்த்து, அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நல்ல நடிப்பு என்று எண்ணியபடியே அவள் படுத்தாள்.

கோழி கூப்பிடும் நேரத்தில் விழிப்பு வந்தது. கூப்பிட வேண்டிய கோழி கூப்பிடவில்லை. சொட்டு விழும் சத்தம். மழையோ என்று பார்த்தால் ஓட்டில் சத்தமில்லை. ஊறிய தோல் வாடை, துண்டில் இருந்த அதே வாடை, வாசல் பக்கமிருந்து வந்தது.

எழுந்து ஜன்னல் வழியே பார்த்தாள்.

பனிக்குள் பரிசல் நடந்து வந்துகொண்டிருந்தது. ரங்கன்தான், கவிழ்த்துத் தூக்கி வருகிறான் என்று மூச்சு விட்டாள். அப்புறம் கால்களைப் பார்த்தாள். ரங்கனுக்குக் கோணல்கால். இவை நேரான கால்கள். வெளுத்தவை. ஊறி, சுருங்கி, நகமில்லாதவை.

காலடிச் சத்தம் இல்லை. சொட்டு மட்டும்.

பரிசல் வாசலுக்கு வந்தது. நின்றது.

"ஏனுங்க," என்றாள். திரும்பி அவனைப் பார்த்தாள். "ஏனுங்க."

பச்சமுத்து விழித்துத்தான் இருந்தான். அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி, அரிவாளை ஓரமாக வைத்தான். கையை ஊன்றினான். கதவை விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

தாழ் தானாக விலகியது.

வாசலில் பரிசலின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் மெல்ல உயர்ந்தது. அவள் தோள் உயரத்துக்கு. இன்னொருவர் குனிந்து நுழைய இடம் விட்டு, அப்படியே நின்றது.