அணைந்த கம்ப்யூட்டரின் முப்பத்தோரு நிமிடம்

பலகையில் 'துப்பறியும் நிலையம்' என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் காஞ்சிபுரத்தில் கிருஷ்ணவேணியைத் தேடி வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்ணைப் பெற்றவர்கள். மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாரா என்று விசாரித்துச் சொல்வதிலேயே அவருக்குப் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. அன்று காலை வந்து நின்ற சத்யப்ரியாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. அவள் கணவன் குரு கொலைக் குற்றத்தில் சிறையில் இருந்தான்.

"ஓரிக்கையிலேர்ந்து வரேன்க்கா. அவர் உள்ள போயி பதினோரு நாள் ஆவுது. குழந்தை 'அப்பா எங்க, அப்பா எங்க'ன்னு கேட்டுக்கினே இருக்குது. நான் என்னன்னு சொல்றது?"

"உட்காரும்மா. முதல்ல தண்ணி குடி" என்றார் கிருஷ்ணவேணி.

அறையின் மூலையில் இருந்த முனிசாமி தண்ணீரை எடுத்துக் கொடுத்தார். முப்பது வருடம் மின்கம்பம் ஏறிய லைன்மேன் அவர். ஓய்வு பெற்றதும் ஒரு ஆட்டோ வாங்கினார். கிருஷ்ணவேணியின் விசாரணைகளுக்கு வண்டி ஓட்டுவதாகச் சொல்லிக்கொள்வார். உண்மையில் வண்டியை விட வாய்தான் அதிகம் ஓடும். விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்பு சொல்லிவிடுகிற ஆர்வம் அவருக்கு.

சத்யப்ரியா அழுகையினூடே சொன்னதன் சுருக்கம் இது. ராஜ வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் உதயகுமார் இருந்தார். பட்டுச் சேலைகளுக்குக் கரையும் முந்தானையும் கம்ப்யூட்டரில் வரைந்து, அந்த டிசைனைத் தறியில் கொண்டுவரும் ஓட்டை அட்டைகளை மிஷினில் குத்திக் கொடுப்பது அவர் தொழில். பங்குனித் தேரன்று காலை, தெரு முழுக்கத் தேர் பார்க்கப் போயிருந்த வேளையில், யாரோ பின்னாலிருந்து இரும்பு எடைக்கல்லால் அவர் தலையில் அடித்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில், அதை ரிப்பேர் பார்த்து வந்த குருவின் பென்டிரைவ் செருகியிருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் அழிந்து, கம்ப்யூட்டரை இயக்கும் புதிய ஓஎஸ் பாதி ஏறி நின்றிருந்தது. ஒன்பதே காலுக்குக் குரு உள்ளே போனதையும், ஐந்து நிமிடத்தில் முகம் வெளுத்து ஓடியதையும் எதிர்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார்.

"ஏன்மா ஓடினார்?"

"பொணத்தைப் பார்த்தா பயமா இருக்காதாக்கா? அவர் கோழிக்கடைப் பக்கமே போவமாட்டார்."

போலீசின் கணக்கு நேரானது. மரணம் ஆறு மணியிலிருந்து ஒன்பதரைக்குள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உதயகுமாரின் தங்கை காயத்ரியின் கணவர் சிவபாலன் பக்கத்து வீடு. தேரில் நீர்மோர் ஊற்றுவதற்கு அண்டா எடுக்க எட்டரைக்கு வீட்டுக்கு வந்தபோது, அட்டை குத்தும் மிஷின் ஓடிய சத்தத்தைக் கேட்டதாக அவர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆக எட்டரைக்கு உதயகுமார் உயிரோடு இருந்தார். அதன் பிறகு அந்த வீட்டுக்குள் போனவன் குரு ஒருவன்தான்.

"குழந்தைக்கு அன்னிக்கு விடியற்காலைலயே மூச்சிரைப்புக்கா" என்றாள் சத்யப்ரியா. "வாலாஜாபாத்ல டாக்டர்கிட்ட அவர்தான் தூக்கினு போனார். ஏழே முக்கால் வரைக்கும் அங்கதான் இருந்தார், சீட்டு இருக்குது. போலீஸ்ல அது தேவையில்லைன்னுட்டாங்க."

"எனக்குத் தேவைப்படலாம். பத்திரமா வெச்சிரு."

மறுநாள் சிறையில் கம்பிவலைக்கு அப்பால் குரு வந்து நின்றான். முப்பது வயது. பன்னிரண்டு நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"அந்த பென்டிரைவ் நீ செஞ்சதுதானா?"

"நான்தான்க்கா. அதுக்குன்னு இலவசமா டூல்ஸ் இருக்குது. ஓஎஸ்ல வேண்டாத குப்பையெல்லாம் எடுத்துட்டு, வேண்டிய சாஃப்ட்வேரைச் சேர்த்து, நம்ம இஷ்டத்துக்கு ஒண்ணு தயார் பண்ணிக்கலாம். உதயண்ணனுக்கு டிசைன் சாஃப்ட்வேர், அட்டை மிஷின் டிரைவர், தமிழ் கீபோர்டு எல்லாம் உள்ளயே வெச்சேன். சாதாரணமா ஓஎஸ் போடறப்ப நூறு கேள்வி கேக்கும். அழிக்கட்டுமா, பேர் என்ன, ஊர் என்னன்னு. பதிலை எல்லாம் முன்னாடியே எழுதி வெச்சுட்டா எதுவும் கேக்காது. செருகி சுவிட்சைப் போட்டா போதும், தானா அழிச்சு தானா போட்டுக்கும்."

"அது யாருக்கெல்லாம் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை குடுத்தப்ப உதயண்ணன், சிவபாலண்ணன், சரத்குமார் மூணு பேரும் இருந்தாங்க." சரத்குமார் என்பவர் உதயகுமாரிடம் பத்து வருடமாக அட்டை குத்துகிற தொழிலாளி. "'எல்லாத்தையும் அழிச்சிடும், சும்மா செருகிப் பார்க்காதீங்க'ன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். தேரன்னிக்கு நானே வந்து போட்டுத் தர்றதா பேச்சு."

"எல்லாத்தையும் அழிச்சிடுமா?"

குரு குரலைத் தாழ்த்தினான். "அவங்ககிட்ட அப்படிச் சொன்னேன். அதுல ரெண்டு ஹார்ட் டிஸ்க் இருக்குதுக்கா. ரெண்டாவது நான் போன மாசம் மாட்டினது. யார்கிட்டயும் சொல்லாதேன்னார் உதயண்ணன். பென்டிரைவ் முதல் டிஸ்க்கை மட்டும்தான் தொடும், அப்படித்தான் எழுதி வெச்சேன். போலீஸ்ல சொன்னேன், எழுதிக்கினாங்க."

"உன் பாக்கெட்ல ஒரு பொத்தான் பேட்டரி இருந்ததா, உன் பொண்டாட்டிகிட்ட போலீஸ் குடுத்த லிஸ்ட்ல பார்த்தேன்."

"அந்த மெஷினோட கடிகாரத்துக்கு. பழைய பேட்டரி செத்துப் போச்சு. கரன்ட் போய் வந்தா, 2016 ஜனவரி ஒண்ணு ராத்திரி பன்னண்டுல போய் நிக்கும், அங்கேர்ந்து ஓடும். யூபிஎஸ்ஸும் ரிப்பேர். அன்னிக்கு ரெண்டையும் சரி பண்ணலாம்னுதான் போனேன்." அவன் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டான். "எனக்குத் தூக்கு குடுத்துடுவாங்களாக்கா?"

கிருஷ்ணவேணி பொய் சொல்லும் பழக்கம் இல்லாதவர். "இன்னும் தெரியல. உன் பொண்டாட்டி தைரியமா இருக்கா, நீயும் இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

வெளியே ஆட்டோவில் முனிசாமி தீர்ப்போடு காத்திருந்தார். "சரத்குமார்தான்மா. பத்து வருஷமா ஒருத்தர்கிட்ட வேலை செஞ்சா வயித்தெரிச்சல் இருக்காதா?"

"வயித்தெரிச்சலைக் கோர்ட்ல காட்ட முடியாதுண்ணா. வண்டியை எடுங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்."

ஆய்வாளருக்குக் கிருஷ்ணவேணியைப் பிடிக்காது. ஆனால் தன் தங்கைக்கு வந்த வரனை விசாரித்து அவளைக் காப்பாற்றியவர் அவர்தான் என்ற நன்றி இருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டே கோப்பைத் திறந்து காட்டினார். கம்ப்யூட்டர் ஆய்வறிக்கையில் முதல் டிஸ்க்கைப் பற்றி ஒரே பக்கம். ஓஎஸ் ஏறும்போது தானாக எழுதிக்கொண்டு போகும் குறிப்பேட்டில், தொடக்கம் 1-1-2016, பன்னிரண்டு மணி மூன்று நிமிடம். கடைசி வரி பன்னிரண்டு முப்பத்தொன்று. அதோடு அறுந்திருந்தது. இரண்டாவது டிஸ்க் 'பின்னர் பார்க்கப்படும்' என்று இருந்தது.

"தேதியே தப்பு. அதை வெச்சு என்ன பண்றது?" என்றார் ஆய்வாளர்.

கிருஷ்ணவேணி சம்பவ இடத்துப் படங்களைப் புரட்டினார். ஒரு படத்தில் நெடுநேரம் நின்றார். சுவரில் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. கம்ப்யூட்டரோ அணைந்து கிடந்தது.

"சார், ஒம்பது நாப்பதுக்கு நீங்க வந்தப்ப அந்த வீட்ல கரன்ட் இருந்துதா?"

"இருந்தது. ஃபேன் போட்டுத்தான் நின்னோம்."

"அந்த ரெண்டாவது டிஸ்க்கை இன்னிக்கே பார்க்கச் சொல்லுங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அந்த வீட்ல எல்லாரையும் நான் பார்க்கணும்." பிறகு முனிசாமியிடம் திரும்பினார். "அண்ணா, உங்களுக்கு ஒரு வேலை. உங்க பழைய சிநேகிதங்களைப் பார்த்து, தேரன்னிக்கு அந்தச் சந்துல எப்ப கரன்ட் போச்சு, எப்ப வந்துதுன்னு அவங்க எழுதி வெச்சிருக்கிற நோட்டுல பார்த்துட்டு வாங்க."

முனிசாமிக்கு அப்படி ஒரு சந்தோஷம். வாழ்க்கையில் முதல் முறையாகத் தீர்ப்பை மறந்துவிட்டு ஓடினார்.

மறுநாள் பத்து மணிக்கு உதயகுமாரின் வரைபட அறையில் எல்லோரும் கூடினார்கள். சுவர் முழுக்க அன்னமும் மயிலும் கட்டம் கட்டமாக ஒட்டியிருந்தன. தரையைக் கழுவியும் ஒரு கறை போகாமல் இருந்தது. யாரும் அதை மிதிக்கவில்லை. அண்ணனின் படத்தருகே காயத்ரி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே சத்யப்ரியா. உள்ளே வந்தபோதே காயத்ரி அவளைப் பார்த்து, "உன் புருசன் நாசமாப் போவான்" என்று சொல்லிவிட்டிருந்தாள். சிவபாலன் கைகட்டி நின்றார். சரத்குமார் வாசற்படியருகே. ஆய்வாளர் நாற்காலியில்.

கிருஷ்ணவேணி மெதுவாகத் தொடங்கினார்.

"அந்தக் கம்ப்யூட்டரோட கடிகாரம் தேதியைத் தப்பாத்தான் சொல்லும். ஆனா நிமிஷத்தைச் சரியா எண்ணும். சுவிட்சைப் போட்ட நொடியில பன்னண்டு மணி. மூணாவது நிமிஷம் அழிக்க ஆரம்பிச்சுது. முப்பத்தோராவது நிமிஷம் நின்னுது. குரு இந்த வீட்ல இருந்தது மொத்தமே அஞ்சு நிமிஷம்."

"போட்டுட்டு ஓடியிருப்பான்" என்றார் ஆய்வாளர்.

"அப்போ நீங்க வந்தப்ப அது ஓடிக்கினு இருந்திருக்கணும் சார். சுவிட்ச் போட்டபடியே இருக்குது, கரன்ட் இருக்குது, கம்ப்யூட்டர் மட்டும் அணைஞ்சு கிடக்குது. அதை யாரும் நிறுத்தல. கரன்ட் போய் நின்னுது. இது பழைய மெஷின், கரன்ட் வந்தாலும் பட்டனை அழுத்தாம எழுந்துக்காது. இந்தச் சந்துல அன்னிக்குக் கரன்ட் எப்போ போச்சுண்ணா?"

முனிசாமி தொண்டையைச் செருமினார். "தேர் இந்தப் பக்கம் திரும்பறப்போ கம்பி தட்டக் கூடாதுன்னு ராஜ வீதியோட சேர்த்து இந்தச் சந்துக்கும் கரன்ட்டை எடுப்பாங்கமா. வருஷா வருஷம் வழக்கம். நானே எடுத்திருக்கேன். இந்த வருஷம் ஏழு பத்துக்கு எடுத்திருக்காங்க. தேர் போனதும் அரை மணியில குடுத்துடுவாங்க. இந்தத் தடவை கம்பியில தோரணம் சிக்கி, அதை எடுத்துட்டுக் குடுக்க ஒம்பது அஞ்சு ஆயிடுச்சு."

"ஏழு பத்துலேர்ந்து முப்பத்தோரு நிமிஷம் பின்னால போங்க. ஆறு முப்பத்தொம்பதுக்கு ஒருத்தர் இந்த சுவிட்சைப் போட்டிருக்கார். அப்போ உதயகுமார் உயிரோட இருந்திருந்தா விட்டிருப்பாரா? அந்த நேரத்துல குரு வாலாஜாபாத்ல குழந்தையை மடியில வெச்சுக்கினு இருந்தார். அதுக்குச் சீட்டு இருக்குது. தவிர, ரெண்டாவது டிஸ்க்கை மாட்டினதே அவர். டிசைனை அழிக்கணும்னா அதைத் தொடாத பென்டிரைவை அவர் ஏன் போடப் போறார்? எல்லாமே அழிஞ்சிடும்னு நம்பின ஒருத்தர்தான் அதைப் போட்டது."

சரத்குமார் ஒரு அடி முன்னே வந்தார். "அம்மா, நான் அஞ்சரைலேர்ந்து தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுக்கினு இருந்தேன்மா. ஊரே பார்த்துது."

"தெரியும்பா. விசாரிச்சிட்டேன்." கிருஷ்ணவேணி திரும்பினார். "சிவபாலன், நீங்க எட்டரைக்கு அட்டை மிஷின் சத்தம் கேட்டீங்களே?"

"கேட்டேன்மா. மச்சான் தேரன்னிக்குக்கூட வேலை செய்யறாரேன்னு நெனச்சுக்கினேன்."

"எதுல ஓடிச்சு அது? ஒம்பது அஞ்சு வரைக்கும் இந்தச் சந்துலயே கரன்ட் இல்லையே."

சிவபாலன் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார்.

"நீங்க பொறந்ததுலேர்ந்து கைத்தறிக்காரர். உங்க தறிக்குக் கரன்ட் வேண்டாம். தேரன்னிக்குத் தறியும் ஓடாது, எல்லாரும் தெருவுல. கரன்ட் போனா என்ன, வந்தா என்ன? நாப்பது வருஷமா இந்தத் தெருவுல இருந்தும் அது உங்க நினைப்புல ஏறவே இல்லை. பகல் வெளிச்சத்துல அண்டாவை எடுத்துக்கினு போனீங்க. சுவிட்சைத் தொட வேண்டிய அவசியமே வரல. பென்டிரைவ் வேலை தானா ஓடி முடிஞ்சிருக்கும்னு நம்பிட்டீங்க."

ஆய்வாளர் மடியிலிருந்த காகிதத்தை விரித்தார். இரண்டாவது டிஸ்க்கில் கிடைத்தது அது. நெசவாளர் சங்கத்துக்கு உதயகுமார் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த கடிதம். தான் வரைந்த கல்யாணக் கரைகளைச் சிவபாலன் வெளியூர் விசைத்தறிகளுக்குக் கொடுத்து வந்ததையும், அந்தச் சேலைகள் கைத்தறி என்ற பெயரில் விற்றதையும் படங்களோடு சொல்லியிருந்தார். கடைசியில், 'அவரிடமும் சொல்லிவிட்டேன், தங்கை முகத்துக்காகத் தேர் முடியும்வரை பொறுக்கிறேன்' என்று ஒரு வரி. அந்தப் பொறுமைதான் அவரைக் கொன்றது.

"இதெல்லாம் கட்டுக்கதை" என்றார் சிவபாலன். "நான் ஆறு மணிக்கே தேருக்குப் போய்ட்டேன். காயத்ரியைக் கேளுங்க."

எல்லோரும் காயத்ரியைப் பார்த்தார்கள். போலீசிடம் அவள் சொன்னதும் அதுதான். ஆறு மணிக்குப் போனார்.

அவள் கணவனைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு மணிக்குத்தான் போனார். ஆனா ஆறு அம்பதுக்குத் திரும்பி வந்தார். வேட்டி மாத்தணும்னார். கோயில்ல யாரோ குங்குமத் தண்ணியைக் கொட்டிட்டாங்கன்னார். அவசரம், உடனே தோய்ச்சுடுன்னார்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "சோப்புப் போட்டுத் தேய்ச்சேன். சுலபமா போவல. ரெண்டு தடவை தேய்ச்சேன். எங்க அண்ணன் ரத்தத்தை நான்தான் தோய்ச்சேன்."

சிவபாலன் "காயு" என்றார். ஆய்வாளர் எழுந்து அவர் தோளில் கைவைத்தார். வெளியே அழைத்துப் போகும்போது சந்தில் கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. முனிசாமி அவர்களை விலக்கப் போனார். வெற்றி பெற்றவர் முகமாக இல்லை அது.

சரத்குமாரும் வெளியே போய்விட, அறையில் மூன்று பெண்கள் மிஞ்சினார்கள். கிருஷ்ணவேணி மற்ற இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாப்பிள்ளை விசாரிப்பில் இந்த மாதிரி மிச்சம் வைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை.

சத்யப்ரியா அடக்க முடியாமல், "எங்க வீட்டுக்காரரை எப்பக்கா விடுவாங்க?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் எங்கே உட்கார்ந்து கேட்கிறோம் என்பது உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காயத்ரி சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"நான் இப்போ சொன்னதை எழுதிக் குடுத்தா சீக்கிரம் விட்ருவாங்கமா" என்றாள். "வா, ஸ்டேஷனுக்குப் போலாம். குழந்தை காத்துக்கினு இருக்கும்."