முந்திரி சாப்பிட மாட்டேங்குது

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அன்று பெய்த மழைக்கு இரக்கமே இல்லை. அனந்தியின் கோபத்துக்கும் அப்படித்தான்.

பின்னே... பிரம்புக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு புதுச்சேரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவளைக் கண்டக்டர் கீழே இறக்கிவிட்டார். கூடைக்குள்ளிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்ததுதான் குற்றம். கீரி, கீரி என்று பின்சீட்டு அம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். கீரி பிடித்து விற்கிற கும்பல் என்றார் ஒருவர். ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போன் போடச் சொன்னார் இன்னொருவர். இது கீரி இல்லை, ஃபெரெட், வெளிநாட்டில் பூனை மாதிரி வீட்டில் வளர்ப்பது, பெயர் முந்திரி, உடம்பு சரியில்லாததால் பெரிய டாக்டரிடம் கொண்டு போகிறேன் என்று இவள் தொண்டை வற்றச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பஸ் போயே போய்விட்டது.

அப்போதுதான் அவன் வந்தான். மழைக்கோட்டு, முழங்கால் வரை சேறு, கையில் மருந்துப் பெட்டி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவன் அவளைப் பார்க்கக்கூட இல்லை. கேட்காமல் கொள்ளாமல் கூடைக்குள் கையை விட்டு, முந்திரிப் பருப்பு நிறத்தில் இருந்த அந்த நீள உடம்பைத் தூக்கினான். பிடரித் தோலை இரண்டு விரலால் இழுத்து விட்டான். இழுத்த தோல் இழுத்தபடியே நின்றது.

பிறகுதான் நிமிர்ந்தான். நல்ல கறுப்புக் கண்கள்... இமை நுனியில் மழைத்துளி... அதற்குள் இவ்வளவு ஆத்திரத்தை எப்படித்தான் வைத்திருக்கிறானோ.

"எத்தினி நாளா பட்டினி போட்டு வெச்சிருக்கீங்க?"

"யாரு பட்டினி போட்டது? ரெண்டு நாளா அதுவேதான் சாப்ட மாட்டேங்குது. நீங்க யாரு கேக்கறதுக்கு?"

"எழிலரசன். மாட்டு டாக்டர். இத புதுச்சேரி வரைக்கும் தூக்கினு போனீங்கன்னா வழியிலயே கொன்னுடுவீங்க. வாங்க எங்கூட."

கொன்னுடுவீங்க... யாரிடம் சொல்கிறான் அந்த வார்த்தையை? அனந்தியின் வீடு ஜைன வீடு. தண்ணீரை வடிகட்டித்தான் குடிப்பார்கள். எறும்பு ஊர்ந்தால் நின்று, அது போன பிறகு நடப்பார்கள். அவளுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. கோபம் வந்தால் அவளுக்கு முதலில் மூக்கு நுனிதான் சிவக்கும். ஒரு அறை கொடுத்தால் என்ன என்று இருந்தது. ஆனால் முந்திரியின் தலை தொய்ந்து கிடந்ததே... அந்தத் திமிர் பிடித்தவன் பின்னாலேயே நடந்தாள்.

திண்டிவனம் ரோட்டில் ஒற்றை அறைதான் அவன் கிளினிக். முந்திரியின் தோலுக்கடியில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு விசாரணையை ஆரம்பித்தான். அனந்தி எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் வர்த்தமான் பெங்களூரில் வளர்த்தது. எட்டு மாதத்துக்கு முன் வேலை மாறி ஜெர்மனி போகும்போது வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அங்கிருந்து மாதாமாதம் பிஸ்கட் பொட்டலம் அனுப்புவான். இந்த மாதப் பொட்டலம் வரவில்லை. அதனால் தயிர்சாதம் பிசைந்து வைத்தார்கள், பனீர் வைத்தார்கள், பாதாம் ஊறவைத்து அரைத்துக்கூட வைத்தார்கள். பொழுது சாய்ந்ததும் அம்மா கிண்ணத்தை எடுத்துவிடுவாள். இருட்டிய பிறகு அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. முந்திரியும் வீட்டு ஆள்தானே?

எழிலரசன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். இதன் குடல் ரொம்பக் குட்டை, மூணு மணி நேரத்துக்கு ஒரு தரம் தின்னாக வேண்டும், அதுவும் கறி மட்டும்தான் தின்னும், தயிர்சாதமாம் பாதாமாம் என்று பொரிந்து தள்ளினான். கடைசியில் நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டான். சயின்ஸ் டீச்சர் என்று அனந்தி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஆனாலும் விடவில்லை. எட்டு மாசம் பிஸ்கட் தின்றுதானே உயிரோடு இருந்தது, கறியா தின்றது என்று கேட்டு, டாக்டரிடம் காட்ட வைத்திருந்த காலிப் பொட்டலத்தை மேஜையில் எறிந்தாள். அட்டை முழுக்க ஜெர்மன் எழுத்து. அவன் அதைப் போனில் படம் பிடித்துத் தமிழாக்கி அவள் முன் நீட்டினான். முதல் வரியே கோழி இறைச்சி என்று இருந்தது.

அனந்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மா அந்தப் பொட்டலத்தைப் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் அல்லவா வைத்திருந்தாள்... அண்ணன் தெரிந்தே மறைத்திருக்கிறான். அவன் மட்டும் எதிரே இருந்திருந்தால் அன்றைக்கு நடந்திருப்பது வேறு.

எழிலரசன் கோழி வாங்கி வேகவைத்து, கூழாக அரைத்து, வெற்றி வீரன் மாதிரி முந்திரியின் முன் வைத்தான். முந்திரி முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஊசி மாட்டாத சிரிஞ்சால் வாயில் விடப் பார்த்தான். நறுக்கென்று அவன் கட்டைவிரலைக் கடித்தது.

"கறிதான் தின்னும்னீங்க?" என்றாள் அனந்தி, இனிமையாக.

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. விரலை உதறிக்கொண்டே புத்தகத்தைப் புரட்டினான். பிறகு முணுமுணுத்தான்... இந்த ஜாதி, குட்டியில் எந்த வாசனையைச் சாப்பாடு என்று பழகுகிறதோ அதை மட்டும்தான் சாப்பாடு என்று நம்புமாம். அதற்குக் கோழி என்றால் என்னவென்றே தெரியவில்லை.

வாசனைதானே... அனந்தி பொட்டலத்தைக் கிழித்து அடியில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைச் சுரண்டினாள். ஒரு ஸ்பூன் தேறியது. அதில் ஒரு சிட்டிகையைக் கூழின் மேல் தூவினாள். முந்திரியின் மூக்கு அசைந்தது. ஆனால் கிண்ணத்துக்குப் போகவில்லை, அவள் விரலைத் தேடியது. எட்டு மாதமும் அவள் விரலால்தானே ஊட்டியிருக்கிறாள்.

அவள் விரலால்தான் அது சாப்பிடும் என்று எழிலரசனுக்குத் தெரிந்துவிட்டது. முதல்முறையாகக் கோபம் இல்லாமல் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்... பிறந்ததிலிருந்து இறைச்சியைத் தொட்டறியாத ஆள்காட்டி விரலைக் கூழில் தோய்த்தாள். நாக்கு விரலில் பட்டது. ஒரு தரம், இரண்டு தரம்... கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது அவளுக்கு.

முந்திரி கிளினிக்கிலேயே தங்கியது. காலை ஏழு மணி, மத்தியானம், பள்ளி விட்டதும் என்று மூன்று வேளை அனந்தி ஸ்கூட்டரில் வந்து ஊட்டினாள். நடுவில் அவன் குளுக்கோஸ் ஏற்றினான். மூன்று வேளையும் சண்டைதான். லேட்டு என்பான். கூழில் தண்ணீர் அதிகம் என்பாள். இரண்டாம் நாள் சாயங்காலம் இருட்டிவிட்டது. டீ வரவழைத்துக் கொடுத்தான், வேண்டாம் என்றாள். தண்ணீர் கொடுத்தான், அதுவும் வேண்டாம் என்றாள். இருட்டினால் அவள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டாள் என்று உறைத்ததும் அவனுக்கு வந்ததே ஆத்திரம்... அப்படியானால் இன்றைக்கு ராத்திரி முழுக்கப் பட்டினியா, நேரமாகிறது என்று முதலிலேயே சொல்வதற்கென்ன என்று கத்தித் தீர்த்துவிட்டான்.

மறுநாளிலிருந்து வெயில் ராஜகிரிக் கோட்டைக்குப் பின்னால் இறங்க ஆரம்பித்தாலே போதும், எழுந்து நின்றுவிடுவான்.

"பொழுது சாயுது. போய் சாப்டுங்க மொதல்ல."

அதட்டல்தான். ஆனால் வழியெல்லாம் அந்த அதட்டல் அனந்தியின் காதிலேயே இருந்தது. என்ன இது, திட்டு வாங்கிவிட்டு யாராவது சிரித்துக்கொண்டே ஸ்கூட்டர் ஓட்டுவார்களா?

வீட்டில்தான் புயல் அடித்தது. கூழைத் தொட்ட நாளிலிருந்து அனந்தி தானாகவே அடுப்படிக்குள் போவதை நிறுத்தியிருந்தாள். அம்மா தர்மவதி காரணம் கேட்டாள். அனந்திக்குப் பொய் சொல்ல வராது. சொல்லிவிட்டாள். அம்மா பருப்பு டப்பாக்களை எல்லாம் முற்றத்தில் கவிழ்த்துக் கழுவினாள். நைனா குந்துநாதன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்துவிட்டார். அந்த ஜீவனை டாக்டரே வைத்துக்கொள்ளட்டும், நீ இனி அந்தப் படி ஏறக்கூடாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்.

ஆறாம் நாள் அதைச் சொல்லத்தான் போனாள். அவன் மறுப்பான், சண்டை போடுவான் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. முந்திரி அன்றைக்குக் கிண்ணத்திலிருந்தே நக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, இவள் பக்கத்தில் இருந்ததால். அனந்தி நைனா சொன்னதைச் சொல்லி முடித்தாள்.

"அதான் தேறிடுச்சே. விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்," என்றான் எழிலரசன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

இவ்வளவுதானா? இவ்வளவுதானா நான்? அனந்தி திரும்பி வந்து, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். கல் நெஞ்சக்காரன். மாட்டு டாக்டர்.

அதற்கு மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, கொட்டுகிற மழையில், அந்த மாட்டு டாக்டர் அவள் வீட்டு வாசலில் நின்றான். குடை இல்லை. கூடையையும் கூழ்க் கிண்ணத்தையும் மழைக்கோட்டுக்குள் வைத்து மூடியிருந்தான். குந்துநாதன் வழியை மறித்து, அது உள்ளே வராது என்றார். எழிலரசன் எதிர்த்துப் பேசவில்லை.

"நேத்திலேர்ந்து எதையும் தொடல சார். நான் பாத்துக்கிறேன்னு பெரிசா சொல்லிட்டேன். முடியல. அவங்க இருந்தாத்தான் அது சாப்டுது."

குந்துநாதனுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கோபம் வந்தது. கறிக் கிண்ணம் தன் வாசல் வரைக்கும் வந்துவிட்டதே என்று ஒன்று. ஓர் உயிர் தன் வாசலில் பசியோடு கிடக்கிறதே என்று இன்னொன்று. இரண்டாவது கோபம்தான் பெரியதாக இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற மகளிடம் திரும்பினார்.

"இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? போய் ஊட்டு. தெருவுல வெச்சி ஊட்டு."

அனந்தி ஓடினாள். தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலைத் தோய்த்தாள். முந்திரி சோர்வாகக் கண்ணைத் திறந்து, அவளை முகர்ந்து, நக்க ஆரம்பித்தது. தலைக்கு மேல் திடீரென்று மழை நின்றது போல இருந்தது. நைனாதான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு குடை பிடித்து நின்றார். கிண்ணம் பாதி காலியானதும் குடையை எழிலரசன் கையில் திணித்துவிட்டு, நேரமாகிறது, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட வா என்று சொல்லி உள்ளே போனார்.

ஒரே குடை. இரண்டு கோபக்காரர்கள்.

"விட்டுட்டுப் போன்னு சொன்னீங்கல்ல. இப்ப எதுக்கு வந்தீங்க?"

"அது சாப்டல."

"சரி, அது சாப்டல. நீங்க ஏன் இப்டி கன்னம் ஒட்டி கெடக்கிறீங்க?"

அவன் குடையை அவள் பக்கம் சாய்த்தான். பிறகு பதில் வந்தது, அத்தனையும் கோபமாகவே வந்தது.

"நீங்க பொழுதோட சாப்டுடுவீங்கன்னு தெரிஞ்சதிலேர்ந்து நானும் அந்த நேரத்துக்கே தட்டு முன்னாடி உக்காந்துடறேன். பொழுது சாஞ்சா சோறு எறங்கறதில்ல. இந்த மூணு நாளா அந்த நேரத்துலயும் எறங்கல. முந்திரிய திட்டினேன், தின்னு தின்னுன்னு... எனக்கே அதே வியாதி. உங்கள பாத்தாத்தான் சோறு எறங்குதுன்னா நான் இன்னாங்க பண்றது?"

அனந்தியின் மூக்கு நுனி சிவந்தது. கோபத்தால் இல்லை. எழுந்து நின்றாள். குடைக்குள் அவ்வளவு பக்கத்தில் அந்தக் கறுப்புக் கண்கள்... இமை நுனியில் அதே மழைத்துளி...

"நாளைக்கி ஏழு மணிக்கு வர்றேன். நைனா கத்துவாரு, கத்தட்டும். பேசிக்கிறேன். ஆனா முந்திரிக்காகத்தான் வர்றேன்னு மட்டும் நெனச்சிக்காதீங்க."

அவன் சிரித்தான். முதல்முறையாக.

"இளிக்காதீங்க," என்று அதட்டினாள் அனந்தி. "பொழுது சாயுது. போய் சாப்டுங்க மொதல்ல."

அவன் கூடையை அணைத்துக்கொண்டு, குடையைத் திருப்பிக் கொடுக்க மறந்து, சாப்பிடப் போனான்.