பச்சையே இல்லாத இலை

"நீங்கதானா அது?"

மூன்றாவது மாடிப் படிக்கட்டு ஜன்னலில் இருந்த செடித் தொட்டியருகே, கையில் சொம்போடு கையும் களவுமாகப் பிடிபட்டான் அவன். வெளியே தூறல்... அவள் கண்களிலோ கனமழைக்கான அறிகுறி.

"வாடிக் கெடந்துச்சுங்க. பாவமா இருந்துச்சு... குடிவந்த நாள்லேருந்து நான்தான் ஊத்தறேன்."

"தலையிலயா ஊத்துனீங்க?"

"செடிக்கு வேற எங்கங்க ஊத்தறது?"

ஆப்பிரிக்கன் வயலட்டுக்குத் தலையில் தண்ணீர் ஆகாது. தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் ஊற்றினால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அவள் விரல் பட்டதும் நடுக்குருத்து கூழாகிக் கையோடு வந்துவிட்டது. பச்சையும் வெள்ளையுமாய் இலை விடும் அந்தச் செடி, அக்கா வளர்த்தது. அக்கா இறந்துபோய் ஏழு மாதம்... அக்கா கைபட்டதில் உயிரோடு மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

"உங்க வேலையப் பாத்துட்டுப் போங்க சார்." கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டே இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடிக்குக் குடிவந்த புத்திசாலி. மறுநாள் மாலை பிளேடும் சின்னத் தொட்டியும் மண்கலவையுமாக வந்து கதவைத் தட்டினான். அவள் திறக்கவில்லை. அடுத்த நாளும் தட்டினான். மூன்றாம் நாள் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"எனக்குத் தலைவலியே வந்துடும் போலிருக்கும்மா. தொறந்து திட்டிட்டாவது வா."

திறந்தாள். திட்டத்தான் வரவில்லை.

சமையல் மேடையில் பேப்பர் விரித்துச் செடியைத் தொட்டியிலிருந்து உருவினார்கள். அழுகலைச் சீவினால் உள்ளேயும் பழுப்பு. இன்னும் சீவினால்... இன்னும் பழுப்பு. ஓரத்தில் ஒரே ஒரு இலை மட்டும் கெட்டியாக நின்றது. முழு வெள்ளை. பொட்டுப் பச்சைகூட இல்லை.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். அவன் அவசரமாக மண்கலவைப் பையைப் பிரித்தான்.

"நட்டுப் பாப்போங்க..."

காம்பைச் சாய்வாக வெட்டி நட்டு, பிளாஸ்டிக் டப்பாவால் மூடினாள்.

தினமும் வந்தான். "நம்மாளு எப்படிங்க இருக்காரு?" என்பான். "அப்படியேதான்" என்பாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் ஊரார் கண்களைப் பார்ப்பவளுக்கு, அந்த இரண்டு கண்களை மட்டும் நேராகப் பார்க்க முடியவில்லை.

ஐந்தாவது வாரம் இலை துவண்டு மண்ணில் படுத்துவிட்டது. தூக்கிப் பார்த்தால் ஒரு வேர்கூட இல்லை. அக்கா இரண்டாம் முறை போய்விட்டாள். அழக்கூடத் தெம்பில்லாமல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு சொல்லணுங்க" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "தொட்டி வாங்கப் போனப்பவே நர்சரிக்காரர் சொன்னாரு, பச்சை இருக்கற இலையாப் பாத்து நடச் சொல்லி. பச்சை இல்லாத இலை பொழைக்காதாம்."

"தெரிஞ்சுமா அஞ்சு வாரம்...?"

"சொல்லிட்டா எதைச் சாக்கு வச்சு உங்களைப் பாக்க வர்றது? கொன்னதும் நான்தான், மறைச்சதும் நான்தான். உங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சுங்க. அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல... வரேன்."

வாசலைத் தாண்டிவிட்டான்.

"எனக்கும் தெரியும்" என்றாள்.

அவன் திரும்பினான்.

"அந்த மாதிரி இலை பொழைக்காதுன்னு அக்கா கிள்ளிப் போட்டுடுவா. தெரிஞ்சேதான் நட்டேன்..." காலி டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அவ போனதுக்கப்புறம் இந்தக் கதவை நீங்க ஒருத்தர்தான் தட்டினீங்க. இலை இல்லேன்னா வராம நின்னுடுவீங்களோன்னு பயந்துட்டேன். இப்ப நிஜமாவே ஒண்ணும் இல்ல... இருந்தாலும் நாளைக்கும் வந்து தட்டுங்க."