சுவர் பக்கம் திரும்பிய சிரிப்புகள்

பல் டாக்டர் அந்தப் பழைய வீட்டை வாங்கியதே அதன் கூடத்துச் சுவருக்காகத்தான். நீளமான சுவர், வெயில் நேராக விழாது, அதனால் தாள் வெளுக்காது. கல்லூரி நாட்களிலிருந்து பழைய வாரப் பத்திரிகைகளின் அட்டைப்படங்களைச் சேர்த்து வந்தாள். அதிலும் ஓவியர்கள் கையால் வரைந்தவை, வாய்விட்டுச் சிரிக்கும் பெண்கள் மட்டும். காற்றில் குடை பறந்துபோனவள், சைக்கிளோடு சேற்றில் விழுந்தவள், மாவு கொட்டிய முகத்தோடு நிற்பவள்.

"எல்லாரும் பல்லைக் காட்டுறாங்க. உன் தொழில் புத்தி போகுமா?" என்றாள் தங்கை, ஆணியை எடுத்துக் கொடுத்தபடி.

சாயங்காலத்துக்குள் படச் சட்டங்களை மாட்டி முடித்து, இருவரும் டீ போடப் போனார்கள். திரும்பி வந்தபோது கூடத்தில் ஈரச் சுருட்டின் நாற்றம்.

படங்கள் அத்தனையும் சுவரைப் பார்த்துத் தொங்கின.

தங்கை பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, முன்னாடி இங்க இருந்த ஆளுக்கு வீட்டுப் பொம்பளைங்க சிரிச்சா ஆகாதாம். கை நீட்டிடுவானாம். அவனும் அந்தப் பொம்பளைங்களும் செத்து ரொம்ப வருஷம் ஆச்சாம். வா, போயிடலாம்."

டாக்டர் அசையவில்லை. 'பொம்பளைக்கு என்ன சிரிப்பு' என்று அதட்டிய புருஷனை விட்டு வந்தவள் அவள்.

"ஒருத்தன்கிட்டேருந்து தப்பிச்சு வந்தாச்சு. இன்னொருத்தனுக்குப் பயந்து ஓடணுமா? அதுவும் செத்துப்போனவனுக்கு?"

முதல் படத்தைத் திருப்பினாள்.

பின்னால் செருப்பு தரையில் தேயும் சத்தம்.

அடுத்ததைத் திருப்பினாள். பிடரியில் சில்லென்று ஒரு மூச்சு பட்டது. குடைக்காரியின் சட்டம் தானாகக் கழன்று விழுந்து நொறுங்கியது.

"அக்கா..." தங்கையின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"கண்ணாடிதானே உடைஞ்சுது. அவ முழுசாத்தான் இருக்கா."

சில்லுகளை உதறிவிட்டு, அட்டையை வெறும் தாளாகவே சுவரில் வைத்து நான்கு மூலையிலும் சின்ன ஆணி அடித்தாள்.

கடைசிப் படத்தையும் திருப்பினாள்.

அப்போது ஒரு கை அவள் வாயைப் பொத்தியது.

கனத்த, ஈரமான உள்ளங்கை. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. மூச்சு முட்டியது.

டாக்டர் அதைக் கடித்தாள். தாடை வலிக்க வலிக்க, விடாமல்.

கை விலகியது.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவளுக்கு, எங்கிருந்தோ சிரிப்பு பொங்கியது. அடக்கவில்லை. வீடு அதிரச் சிரித்தாள்.

நாற்றம் மெல்லக் கலைந்தது.

அவள் ஓய்ந்தபோதுதான் கேட்டது. ஆளில்லாத உள்ளறையில் ஒரு பெண், பழக்கம் விட்டுப்போனவள் போல, திக்கித் திக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தங்கை அக்காவின் கையை இறுகப் பிடித்தாள்.

உள்ளே இன்னொருத்தியும் சேர்ந்துகொண்டாள்.